பல்லு அன்ரியும் இரண்டு தரம் வந்த சிரிப்பும்

பிள்ளைகள், உங்கள் இருவருக்கும் பல்லு அன்ரியை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகத்தான் தெரியும். வருவார், அம்மா சுடும் மெல்லிய தோசையில் இரண்டு சாப்பிடுவார், பிறகு காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் கதிரையிலேயே கண்ணை மூடிக்கொள்வார். போன கிழமை மகள், நீ ஃபோனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் ஓடி வந்தாய். பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் சின்னத் துண்டு அதில் ஓடிக்கொண்டிருந்தது. நிறமெல்லாம் மங்கிவிட்டது. ஒரு மேசைக்குப் பின்னால் முகத்தில் ஒன்றும் அசையாமல் ஒரு பெண் இருந்தார். எங்கேயோ ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா, திஸ் இஸ் பல்லு அன்ரி. ஷி வாஸ் ஒன் ரீவி."

"ஓம், தெரியும்."

"யூ நியூ? ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அது நல்ல பதில் இல்லை. ஆனால் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய கதையும் இல்லை. அதனால் எழுதுகிறேன். நான் ஊரில் ஓ.எல் பரீட்சை வரைக்கும்தான் படித்தவன். பிழை இருந்தால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூட ரீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டாமல் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். அவருடைய முன்பற்கள் கொஞ்சம் பெரிது, அதனால்தான் பல்லு அன்ரி என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். இல்லை.

நான் வயதானவர்களை ஏற்றி இறக்கும் சின்ன பஸ் ஓட்டுகிறேன். இங்கே நோபிள் பார்க் பகுதியில் ஏற்றி டொக்டரிடம், கடைக்கு, மண்டபத்துக்கு என்று கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலை. பல்லு அன்ரியை முதல் முதல் ஏற்றிய நாளில் கடைக்குத்தான் போனோம். அவர் தள்ளுவண்டியைப் பிடித்தபடி பழங்கள் இருக்கும் பக்கம் நின்றார். நான் பைகளோடு பின்னால் நின்றேன். அறுபது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நேராக அவரிடம் வந்தார். ஒரு சொல்லும் சொல்லாமல் வாயை அகலத் திறந்து தன் பற்களைக் காட்டினார்.

எனக்குப் பயமாகப் போய்விட்டது. ஆளுக்குச் சுகமில்லையாக்கும் என்று நினைத்து இருவருக்கும் நடுவில் போய் நின்றேன். அன்ரியோ என் தோளுக்கு மேலால் எட்டி அந்த வாய்க்குள் நிதானமாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "டொக்டர் உங்களைப் பார்க்க மாட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறது," என்றார். அந்த மனிதருக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

(அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன். அவருடைய வாயில் அது இன்னும் நன்றாக இருந்திருக்கும்.)

பஸ்ஸுக்குள் ஏறிய பிறகுதான் விளக்கம் சொன்னார். இங்கிலாந்துத் தொலைக்காட்சியில் பல வருடம் ஓடிய நகைச்சுவைத் தொடர் ஒன்றில் அவர் நடித்திருக்கிறார். ஒரு பல் டொக்டரின் கிளினிக்கில் நடப்பதுதான் கதை. டொக்டருக்கு இரத்தத்தைக் கண்டால் மயக்கம். வருகிற நோயாளிகள் எல்லாரும் ஒவ்வொரு விதமான கிறுக்கர்கள். வாசல் மேசையில் இருந்து பெயர் பதிகிற பெண் மட்டும் ஒருநாளும் சிரிப்பதில்லை. அந்தப் பெண் இவர்தான். அன்றிலிருந்து இவரைத் தெருவில் கண்டவர்கள் வாயைத் திறந்து பல்லைக் காட்டுவார்கள். இலண்டனில் காட்டினார்கள், சிட்னியில் காட்டினார்கள், இப்போது மெல்பேர்ணிலும் காட்டுகிறார்கள்.

"உலகத்தில் எந்த நடிகைக்கும் இவ்வளவு சொத்தைப் பல் பார்க்கக் கிடைத்திருக்காது, டியர்," என்றார்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னபோது என் வாயில் வந்த பெயர்தான் பல்லு அன்ரி.

பிறகு ஒவ்வொரு கிழமையும் ஏற்றினேன். கடைசியாக ஏறுவார், கடைசியாக இறங்குவார், முன் இருக்கையில்தான் இருப்பார். அப்படித்தான் அவருடைய வாழ்க்கை எனக்குத் துண்டு துண்டாகக் கிடைத்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்போது தொடங்கும் கதை பச்சை விழுந்ததும் நின்றுவிடும். அடுத்த கிழமை வேறொரு சிவப்பு விளக்கில் மிச்சம் வரும்.

அவர் பிறந்தது வட இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர். தகப்பனுக்கு இறைச்சிக்கடையில் வேலை. தாய் கோடை காலத்தில் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டவர். கடற்கரை மேடையில் ஆட வருகிற நாடகக்காரர்களும் பகிடிக்காரர்களும் அங்கேதான் தங்குவார்கள். காலையில் அவர்களுக்கு முட்டையும் ரொட்டியும் கொண்டுபோய் வைப்பது இந்தப் பிள்ளையின் வேலை. சிரித்தால் கை ஆடும், கை ஆடினால் தட்டு விழும் என்று தாய் சொல்லி வைத்திருந்தார். அந்த மனிதர்களுக்கு இது தெரியாது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெட்டை சிரிக்காமல் நிற்கிறாளே என்று ஒருவரை ஒருவர் போட்டி போட்டுக்கொண்டு அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்கள். ஒருவராலும் முடியவில்லை. கோடை முடிகிறபோது அவர்களில் ஒருவர் தாயிடம், "இவளை எங்களோடு விடுங்கள். இப்படி ஒரு முகத்துக்கு முன்னால் நின்றால் நான் சொல்லுகிறது எதுவும் இரண்டு மடங்கு பகிடியாக இருக்கும்," என்று கேட்டாராம்.

"அன்றைக்கே என் வேலை முடிவாகிவிட்டது," என்றார். "சிரிக்க வைக்கிறவர் வேறு ஆள், டியர். அவருக்கு எடுத்துக் கொடுக்கிறவர் வேறு ஆள். நான் எடுத்துக் கொடுக்கிறவள். கைதட்டல் அவருக்குப் போகும். ஆனால் நான் அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் அவருக்கு ஒன்றும் கிடைக்காது."

தொலைக்காட்சியில் கேட்கும் சிரிப்பெல்லாம் மெஷினில் பதிந்து வைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவருடைய தொடரில் அப்படி இல்லையாம். கிழமை முழுவதும் ஒரு தேவாலய மண்டபத்தில் நடித்துப் பழகுவார்கள். சுவரும் கதவும் இருக்க வேண்டிய இடங்களில் தரையில் நிற நாடா ஒட்டியிருக்கும். இல்லாத கதவை எல்லாரும் ஒழுங்காகத் திறந்து மூடுவார்கள். ஞாயிறு பின்னேரம் படப்பிடிப்பு. உண்மையான ஆட்கள் வந்து வாங்கு வரிசைகளில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்கள் சிரித்தால்தான் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் காதால் பிடிப்பதுதான் தொழில் என்று அவர் சொன்னார். சிரிப்பு ஏறும். மேலே கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு இறங்கும். ஏறும்போது பேசினால் உன் சொல் ஒருவருக்கும் கேட்காது. அடியோடு இறங்கி முடியும்வரை பார்த்திருந்தால் மண்டபம் ஆறிவிடும். பாதி இறங்கியிருக்கும்போது அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

தொடர் நின்ற பிறகு வேறு வேலை பெரிதாகக் கிடைக்கவில்லை. மருத்துவத் தாதி, அறை வாடகைக்கு விடுகிற பெண், தலைமை ஆசிரியை என்று எங்கே போனாலும் அதே முகத்தைத்தான் கேட்டார்கள். ஒரு மேடை நாடகத்தோடு சிட்னிக்கு வந்தார். அங்கே மேடைக்கு வெளிச்சம் போடுகிறவரைக் கலியாணம் முடித்து நின்றுவிட்டார். ஹோம்புஷில் மாடி வீடு. கீழே தோசைக்கடை. கணவர் இரவு வேலை முடிந்து வரும்போது ஒரு பொதி வாங்கிக்கொண்டு வருவாராம். உங்கள் அம்மா தோசை சுடுவாரா, சுட்டால் தடிப்பாகவா மெல்லியதாகவா என்று ஒருநாள் அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம் அதுதான். கணவர் இறந்த பிறகு, தன் தங்கை இங்கே இருந்தபடியால் மெல்பேர்ணுக்கு வந்தார். இப்போது அந்தத் தங்கையும் இல்லை.

இதெல்லாம் தெரிந்தும், ஏன் நடிப்பை விட்டார் என்று மட்டும் நான் கேட்கவில்லை. ஒருநாள் அவரே சொன்னார். சிட்னியில் கடைசியாக நடித்த நாடகத்தில் தன்னோடு நடித்தவருக்குப் பெரிய சிரிப்பு வருகிற இடம் ஒன்று. இவர் அந்தச் சிரிப்புக்கு மேலாலேயே அடுத்த வசனத்தைப் பேசிவிட்டார். அடுத்த நாளும் அப்படியே நடந்தது. காது போய்க்கொண்டிருந்தது. அது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. காதுக் கருவி வாங்கிப் போட்டார். பக்கத்தில் இருந்து ஒருவர் பேசினால் அதில் நன்றாகக் கேட்கும். ஒரு மண்டபம் சிரித்தால், சிரிப்பும் கதிரை இழுபடுகிற சத்தமும் இருமலும் ஒன்றாகச் சேர்ந்து தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரிக் கேட்குமாம். ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது.

"ஒருவரும் என்னைப் போகச் சொல்லவில்லை," என்றார். "நான்தான் போனேன். அடுத்தவருடைய சிரிப்பை மிதிக்கிறவள் மேடையில் நிற்கக் கூடாது."

அதைச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 

இனித்தான் மண்டபத்துக் கதை. எங்கள் பக்கத்து முதியோர் மண்டபத்தில் மாதம் ஒருமுறை எல்லாருக்கும் சேர்த்து மதியச் சாப்பாடு நடக்கும். பாதிப் பேர் வெள்ளைக்காரர், பாதிப் பேர் எங்கள் தமிழ் முதியோர் சங்கத்து ஆட்கள். சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பக்கமும் ஏதாவது ஒன்று செய்ய வேண்டும். எங்கள் ஆட்கள் கோலாட்டம் அடிப்பார்கள். வெள்ளைக்காரர்களில் ஒருவர் பல்லு அன்ரியை அடையாளம் கண்டு, அந்தப் பழைய பெண்ணாக ஒரு பத்து நிமிடம் வரமாட்டீர்களா என்று கேட்டுவிட்டார். அவர் முடியாது என்று சொல்லிவிட்டு வந்து பஸ்ஸில் ஏறினார்.

அவருடைய வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

"எனக்கு அது வேண்டும், டியர்," என்றார். "இன்னும் ஒரு தடவை. எனக்கு இன்னும் அது முடியுமா என்று தெரிந்துகொள்ளாமல் நான் போய்ச் சேர விரும்பவில்லை. ஆனால் அவர்கள் சிரித்து முடித்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் போனால் நான் ஒரு கிழவி கத்துகிற மாதிரித்தான் இருப்பேன்."

"ஆராவது உங்களுக்குக் கை காட்டினால்?" என்று கேட்டேன். நான் அதை யோசித்துக் கேட்கவில்லை. பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது எனக்கு அப்படித்தான் ஆட்கள் கை காட்டுவார்கள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள்தான் சரியான ஆள். நீங்கள் என் பகிடிக்கு ஒருநாளும் சிரித்ததில்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. பகிடி விளங்காமல் இல்லை, மண்டைக்குள் அதைத் தமிழாக்கி முடிக்கும்போது பஸ் அடுத்த சந்திக்குப் போய்விடுகிறது என்று சொன்னேன்.

"அதைத்தான் சொல்கிறேன்," என்றார். "சிரிக்கிறவனால் சிரிப்பைக் கேட்க முடியாது. நீங்கள் கேட்பீர்கள்."

அப்படித்தான் நான் பழகத் தொடங்கினேன். அவரிடம் அந்தத் தொடரின் டிவிடி வட்டுகள் இருந்தன. வாங்கி வந்து வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு, சிரிப்பு ஏறும்போது கையைத் தூக்கி, பாதி இறங்கியதும் கையை இறக்கிப் பழகினேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ரீவியில் ஆர் என்று கவனிக்காமல் என் கையைத்தான் பார்த்தீர்கள். மகன், நீதான் சொன்னாய், "அம்மா, அப்பா இஸ் பிளேயிங் டிராஃபிக் பொலிஸ்" என்று.

அம்மா எட்டிப் பார்த்தார். "என்ன, ரீவிக்குள்ளை பஸ் ஓட்டுறியளோ?"

"வேலை செய்யிறன்."

"உந்த வேலைக்குச் சம்பளம் தாறவையோ, இல்லாட்டிச் சும்மா கையை ஆட்டிறியளோ?"

"நடிக்கிறதுக்குப் பழகிறன் எண்டு வையுமன்."

"ஐயோ, இனி இவரைப் பிடிக்கேலாது," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அடுத்த நாள் அவரே பக்கத்தில் வந்திருந்து, "இப்ப இறக்குங்கோ. பிந்திட்டுது," என்று சொல்லத் தொடங்கினார்.

அந்த நாளும் வந்தது. மண்டபத்தின் முன் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பழைய கறுப்பு ரெலிபோன். அவர் செய்யப் போவது இதுதான்: பல் டொக்டரின் மேசைப் பெண் இத்தனை வருடம் கழிந்தும் அதே மேசையில் இருக்கிறார். ரெலிபோன் அடிக்கிறது. மறு பக்கத்தில் பயந்த நோயாளி ஒருவர். நோயாளி பேசுவது எங்களுக்குக் கேட்காது. இவர் சொல்லும் பதிலை வைத்து நாங்கள்தான் ஊகிக்க வேண்டும்.

நான் முன் வரிசையின் நடுவில் இருந்தேன். மடியில் கை. வலது பக்கம் முழுவதும் வெள்ளைக்காரர். இடது பக்கம் எங்கள் சங்கத்து ஆட்கள். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் மட்டுமட்டு. அந்த வரிசைகளின் நடுவில் வடை அன்ரி இருந்தார். அவரை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் உளுந்து வடை சுட்டுக்கொண்டு வருகிறவர். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்தவர் என்பதால் ஆங்கிலம் நன்றாகப் பேசுவார். மண்டபத்தில் ஆர் என்ன சொன்னாலும் மற்றவர்களுக்கு அவர்தான் தமிழில் சொல்லிக்கொடுப்பார். அதை மெதுவாகச் சொல்லுகிற பழக்கம் அவருக்கு இல்லை.

பல்லு அன்ரி ரெலிபோனை எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"இல்லை, ஐயா. டொக்டர் கடிக்க மாட்டார். அது உங்களுடைய வேலை."

வலது பக்கம் சிரித்தது. நான் கையைத் தூக்கினேன். சிரிப்பு மேலே போய் நின்றது, இறங்கியது. பழகியது போலவே பாதியில் கையை இறக்கினேன். அவர் அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தார்.

அந்த நேரம் இடது பக்கம் சிரித்தது.

இதை நான் யோசிக்கவே இல்லை. வீட்டில் வட்டு போட்டுப் பழகியபோது சிரிப்பு ஒருமுறைதான் வந்தது. அங்கே வாங்கில் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே மொழி. இங்கே வடை அன்ரி சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு. நான் அவசரமாகக் கையை மறுபடி தூக்கினேன். பல்லு அன்ரி திறந்த வாயை அப்படியே மூடினார்.

வாயை மூடிக்கொண்டு ரெலிபோனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். அதற்கு வலது பக்கம் திரும்பவும் சிரித்தது.

எந்தப் பக்கத்துக்குக் கையைத் தூக்குவது, எந்தப் பக்கத்துக்கு இறக்குவது என்று தெரியவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் இறங்கும்வரை கையைத் தூக்கியபடியே வைத்திருப்பது என்று முடிவெடுத்தேன். அவரும் என் கையை மட்டும் பார்த்துக்கொண்டு அந்த அசையாத முகத்தோடு காத்திருந்தார்.

"போன தடவை நீங்கள் வந்தபோது கதிரையின் கைப்பிடியையும் கொண்டு போய்விட்டீர்கள், ஐயா. டொக்டர் அதைத் திருப்பிக் கேட்கிறார்."

வலது பக்கம் சிரித்தது. நான் கையைத் தூக்கியபடி இடது பக்கத்துக்குக் காதைக் கொடுத்தேன். வடை அன்ரி இப்போது மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டார்.

"அங்காலை ஆர் கதைக்கிறது தெரியுமோ? எங்கடை தலைவர். பல்லுக் கட்டப் போய்ப் பாதியிலை ஓடி வந்தவரெல்லே."

சங்கத் தலைவரை உங்களுக்குத் தெரியும், கூட்டத்தில் ஒருவர் இருமினாலும் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். அவரைப் பல் டொக்டரிடம் ஏற்றிப் போனது நான்தான். கழுத்தில் கட்டிய கடதாசித் துண்டோடு வந்து பஸ்ஸில் ஏறினார். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தத் துண்டைக் கழற்ற அவர் மறந்துபோனதுதான் எல்லாருக்கும் சொன்னது.

தலைவர் முன் வரிசையிலிருந்து திரும்பினார். "நான் ஓடேல்லை. நடந்துதான் வந்தனான்."

இடது பக்கம் முழுவதும் குலுங்கியது. வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டவர்களும் உண்டு. அதற்குப் பிறகு வடை அன்ரியை நிறுத்த முடியவில்லை. மேடையில் பதில் வந்தால், அதற்கு முதல் தலைவர் ரெலிபோனில் என்ன கேட்டிருப்பார் என்று இவர் சொன்னார்.

"வாயைத் திறக்கத்தான் வேண்டும், ஐயா. இல்லை, இப்போது இல்லை. இப்போது மூடுங்கள்," என்று பல்லு அன்ரி.

"'வாயைத் திறக்காமல் பல்லைப் பிடுங்கேலாதோ, காது வழியாலை பிடுங்கலாமோ' எண்டு கேக்கிறார்," என்று வடை அன்ரி.

"கேட்டிருப்பார், கேட்டிருப்பார்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பத்து நிமிடத்துக்கு என்று வைத்தது நீண்டுகொண்டே போய்ச் சோறு ஆறிவிட்டது. என் கை தோளோடு வலித்தது. முடிந்ததும் இரண்டு பக்கமும் எழுந்து கை தட்டினார்கள். அவர் தலையைக் கொஞ்சம் குனிந்தார். பிறகு நேராகப் போய்க் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். சாப்பிடவும் நிற்கவில்லை.

பஸ்ஸில் நாங்கள் இருவர்தான். அவர் பெல்ட்டைப் போட்டார். நான் நல்லதாக ஒரு சொல் சொல்ல நினைத்தேன். எனக்கு ஆங்கிலத்தில் அது வரவில்லை. மூன்று தெரு தள்ளி அவரே கேட்டார்.

"நான் எங்கே பிழை விட்டேன்?"

"பிழையோ?"

"நான் பேச வாயெடுக்கும்போதெல்லாம் நீங்கள் கையைத் தூக்கினீர்கள். சிரிப்பு முடிந்த பிறகும் தூக்கியபடியே இருந்தீர்கள். அவர்கள் பகிடிக்குச் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு அது தெரியும், டியர். மறைக்க வேண்டாம்."

நான் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினேன். அவர் அழவில்லை. மேடையில் இருந்த அதே முகம்தான். ஆனால் மேடையில் அது வேறு மாதிரி இருந்தது.

இரண்டு பக்கத்தையும் பற்றிச் சொன்னேன். வடை அன்ரியைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வீட்டில் ஆங்கிலப் படம் பார்த்தால் ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார், அதனால் எங்கள் சிரிப்பு எப்போதும் பிந்தித்தான் வரும் என்று சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லிக் கொடுத்தார் அந்தப் பெண்மணி? நான் சொன்னதையா?"

"முதல் ஒருதரம் நீங்கள் சொன்னதை. பிறகு..." எனக்குத் தயக்கமாக இருந்தது. அவருடைய பகிடியை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் வேறு எதற்கோ சிரித்தார்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஆனால் மறைக்க வேண்டாம் என்று கேட்டவரிடம் மறைக்க முடியாது. தலைவரின் பல்லைச் சொன்னேன். கழுத்துக் கடதாசியைச் சொன்னேன். நடந்துதான் வந்தனான் என்று அவர் திரும்பிச் சொன்னதைச் சொன்னேன். காது வழியாகப் பல் பிடுங்குவதையும் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அதெல்லாம் எவ்வளவு தூரம் பகிடியாக இருந்ததோ தெரியாது.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தக் காதுப் பகிடியைத் திரும்பச் சொல்லுங்கள்."

சொன்னேன்.

"அதை எப்போது சொன்னார்? நான் மூடுங்கள் என்று சொன்ன பிறகா?"

"ஓம். உங்கடை பக்கம் சிரிச்சு முடியேக்கை."

"அவருக்கு அதை யாராவது எழுதிக் கொடுத்தார்களா?"

"இல்லை. அவர் வடை சுடுகிறவர்."

அவர் முன் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "ரெலிபோனின் மறு பக்கத்தை ஒருநாளும் ஒருவரும் பேசியதில்லை," என்றார். "அந்த இடத்தை நான் சும்மா விட்டு வைத்திருந்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டார். நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், டியர். எனக்கே தெரியாமல்." பிறகு, "பஸ்ஸைத் திருப்புங்கள்," என்றார்.

திரும்பிப் போனபோது மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வடை அன்ரி குசினியில் கை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நின்றார். பல்லு அன்ரி உள்ளே வருவதைக் கண்டதும் அவருடைய முகம் மாறிவிட்டது.

"தம்பி, அவவுக்குக் கேட்டுட்டுதோ? நான் சும்மா பகிடிக்கு..." என்று என்னிடம் தொடங்கி, அவரிடம் திரும்பி ஆங்கிலத்தில், "மன்னிக்க வேண்டும் மேடம், நான் உங்களைக் குழப்பிவிட்டேன்," என்றார்.

"நான் உங்களிடம் கோபப்படவில்லை. உங்கள் தலைவர் அடுத்ததாக என்ன கேட்பார்?" என்றார் பல்லு அன்ரி.

வடை அன்ரிக்கு விளங்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உண்மையாத்தான் கேக்கிறா அன்ரி," என்றேன். "ரெலிபோனிலை அவர் இனி என்ன கேப்பார்?"

வடை அன்ரி கையைத் துடைத்தார். பெருவிரலையும் சின்ன விரலையும் விரித்துக் காதில் வைத்துக்கொண்டு, தலைவருடைய மூக்கால் பேசுகிற குரலில், ஆங்கிலத்தில் கேட்டார். "வணக்கம். நான் சங்கத் தலைவர் பேசுகிறேன். எனக்குப் பதிலாகச் செயலாளரை அனுப்பலாமா? பல் அவரிடமும் இருக்கிறது."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தபோது வடை அன்ரி இன்னும் ஏதோ முணுமுணுத்தார். பல்லு அன்ரி அவருடைய உதட்டையே பார்த்தபடி நின்றார். வடை அன்ரி சொல்லி முடித்து வாயை மூடிய பிறகுதான் தன் கையையும் அதே மாதிரிக் காதில் வைத்தார்.

"அனுப்பலாம், ஐயா. ஆனால் வலி உங்களிடம்தான் இருக்கும்."

நான் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வடை அன்ரியைப் பார்த்து, தொடருங்கள் என்பது போலத் தலையை ஆட்டினார். நான் கையை இறக்கிக்கொண்டு வெளியே போய், அடுத்த மாதமும் அந்த மேசை வேண்டும் என்று மண்டபத்துக்காரரிடம் சொன்னேன்.